உள்ளே என்ன பேசுகிறாள்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் நான் சொல்லச் சொல்ல, எங்கள் தெரு முடிவெட்டும் கடைக்காரர் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் தரையில் உட்கார்ந்துதான் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறாயா? எழுது.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. உன் அக்காவுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா? கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவள்தான் உனக்கு எழுதினாள். இந்தத் தடவை எழுத வேண்டியது அவளைப் பற்றி. அதை அவளிடமே எப்படிச் சொல்வது? போனில் பேசலாம் என்றால் வீட்டுச் சுவர் மெல்லிசு, மகள் அடுத்த அறையில் கொட்டாவி விட்டால் எனக்குக் கேட்கிறது. அதனால் பதிலைக் கடை முகவரிக்கே போடு.

போன வருஷம் அவள் வேலை பார்த்த ஓட்டலில் சலவைப் பிரிவை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஆள் சரியில்லை. வீட்டில் இருக்கிற படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள், உதறுகிறாள், மறுபடியும் மடிக்கிறாள். தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். எது கேட்டாலும் 'ம்'.

முதலில் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது. சலவையில் கூட இருந்தவர்கள் எல்லாம் நம் தமிழ்ப் பெண்கள், அதனால் தேவைப்படவில்லை. நான் குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டின காலத்தில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். டாக்டர் கேட்பதை அவளிடம் சொன்னேன், அவள் சொல்வதை டாக்டரிடம் சொன்னேன். நன்றாகத்தான் போனது. நடுவில் அவர், "அம்மா ஒரு வார்த்தைதான் சொல்றாங்க, நீங்க இவ்வளவு நேரம் சொல்றீங்களே" என்று கேட்டார். மீதி எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் யாரோ ஒரு அம்மாவைப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். "தங்களுக்கு வாழ்வின்மீது பற்று குறைந்துள்ளதா?" என்று அந்த அம்மா கேட்டதாம். உன் அக்கா வெளியே வந்து, "யாருங்க அது, மேடையில பேசுற மாதிரி பேசுது?" என்றாள். அன்றைக்கு அவள் பேசின நீளமான பேச்சு அதுதான்.

மகள் விடவில்லை. "ரெண்டு பாஷையும் தெரிஞ்ச கவுன்சலிங் ஆள்தான் வேணும்பா. நீங்களும் நடுவுல இருக்கக் கூடாது, போனும் இருக்கக் கூடாது" என்றாள். இரண்டு மாதம் தேடினாள். ஒருவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் இடமில்லை. இன்னொருவரிடம் இடமிருந்தது, ஆனால் தமிழ் அவருடைய அப்பாவுக்குத்தான் தெரியுமாம். கடைசியில் பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒருவர் கிடைத்தார். வியாழக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார்.

முதல் வியாழன் அவள் எழுந்ததும் நானும் எழுந்தேன். "நீங்க இங்கயே இருங்க ஐயா" என்றார், மரியாதையாகத்தான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உன் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. மச்சான், அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது எங்கள் மகளுக்கு முதல் பல் விழுந்த அன்றைக்கு. இது நல்லதுக்கா, கெட்டதுக்கா? நீதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அத்தான்

*

பிப்ரவரி 19

அன்பு அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வாடிக்கைக்காரர்கள் மரியாதை கூடிவிட்டதாக நினைக்கிறார்கள்.

உறையைப் பிரித்து வேற்றுக் கையெழுத்தைப் பார்த்ததும் கடைசி வரியைத்தான் முதலில் தேடினேன். வாசித்து முடித்தபிறகு சிரித்தேன். பெண்டாட்டி சிரித்துவிட்டாள் என்று புகார் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் மகள் செய்தது நல்ல காரியம். போகிற வழியில் விடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அக்கா டாக்டரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன? நீங்கள் அவ்வளவு நேரம் சொன்னது என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதித் தரும் கடைக்காரருக்கும் என் வணக்கம்.

தங்கள் மைத்துனன்

*

மார்ச் 5

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டூல் நல்லது. கால் தொங்காத உயரத்தில் போட்டுக்கொள்.

டாக்டர் கேட்டதற்கு அவள் "பாரமா இருக்கு" என்றாள். அதை எப்படி அப்படியே சொல்வது? தூக்கம் குறைவு, வயசாகிறது, வேலை போன வருத்தம், மற்றபடி ஒரு குறையும் இல்லாதவள் என்று விளக்கினேன். இதில் பொய் ஏதாவது உண்டா?

நீ சிரிக்கிறாய். இங்கே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார். அந்தக் கவுன்சலிங் ஆளுக்கு நாற்பது வயசு இருக்கும். தலையில் முடி அத்தனையும் அப்படியே இருக்கிறது. இதை எழுதும்போது கடைக்காரர், "அவரை ஒருதரம் இங்க அனுப்பி வைங்க" என்கிறார், அவர் பிழைப்பு அவருக்கு. அந்த ஆள் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருப்பான். குரலை உயர்த்துவதே கிடையாது. கதவோரம் தரையில் ஒரு சின்ன மிஷின் வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டால் மழை கொட்டுவது போல இரையும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகவே செய்த மிஷினாம். முதல் வாரம் அதைப் போட மறந்திருக்கிறார்கள், அதனால்தான் எனக்குச் சிரிப்பாவது கிடைத்தது. இப்போது ஒரு மணி நேரம் பொய் மழையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமையே தலைக்குக் குளித்துவிடுகிறாள். சாம்பல் நிற ஸ்வெட்டருக்கு இஸ்திரி போடுகிறாள். ஸ்வெட்டருக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா? பஸ்ஸில் கேட்டேன்.

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான்."

"ஒரு மணி நேரமும் சும்மாவா?"

"ஆமா. சும்மா பேசத்தானே அங்க போறோம்."

கிடங்கில் எனக்கு 'ரிக்கார்டு' என்று பேர். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி, யார் என்றைக்கு வைத்தது, காகிதம் பார்க்காமல் சொல்லுவேன். உன் அக்கா பேசினதும் அப்படித்தான். கல்யாணமான மூன்றாம் நாள், "இந்த வீட்ல முகம் பார்க்கிற கண்ணாடி எங்க இருக்கு?" என்று கேட்டாள். விமானத்தில், "காது அடைக்குது, உங்களுக்கு?" என்றாள். மகள் பிறந்தபோது நர்ஸ் எடுத்துக் காட்டியதும், "மூக்கு உங்களது, பாவம்" என்றாள். எல்லாம் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் அழவோ சிரிக்கவோ அதில் ஒன்றுமில்லை. அப்படியானால் என்னிடம் இல்லாத எதை எடுத்து அவனிடம் கொடுக்கிறாள்?

நேராகவே கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில் என்னிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? இத்தனை வயசுக்குமேல் கோபப்பட்டு என்ன செய்யப் போகிறேன். எழுது.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு.

உன் அத்தான்

*

மார்ச் 23

அன்பு அத்தானுக்கு,

சுகமா? இங்கே வெயில் ஏறிவிட்டது. கடையில் மின்விசிறி மோட்டார்களாக வந்து குவிகின்றன.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அக்கா சரியான வாயாடி. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் பால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்பார். பாடம் நடத்த விடாமல் பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் அவளைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், அவள் ஜன்னலுக்கு வெளியே போகிறவர்களோடு பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுவிடக் கூடாதே என்று பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவள் வாயில் பாக்கு கொடுத்து மெல்ல வைத்திருந்தார். அதைத்தான் மறைத்தோம். உங்களிடம் வந்த பிறகு அந்த வாய் எங்கே போனது என்று நான்தான் உங்களைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் முதல் கடிதம் வந்ததிலிருந்து பழைய கடிதங்களை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் அக்கா கையால் எழுதியவை. எல்லாம் உங்கள் பேச்சு. 'உன் அக்கா சுகம்' என்று அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள், யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவது போல.

அம்மா படுக்கையாகக் கிடந்த வருஷம், அக்காவை ஒரு மாதம் அனுப்பி வையுங்கள் என்று எழுதினேன். வந்த பதில் எனக்கு மனப்பாடம். 'அவளுக்கு லீவு கிடைக்காது. வந்துதான் என்ன செய்யப் போகிறாள்? ஆள் போட்டுப் பார்த்துக்கொள்.' அந்த முத்து முத்தான எழுத்தை அம்மா தடவிப் பார்த்தார். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அவர் அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை.

கையெழுத்து அவளுடையது, ஆகவே மனசும் அவளுடையது என்று நான் நினைத்துவிட்டேன். அன்றையிலிருந்து அவள் போன் செய்தால் மழையா வெயிலா என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இத்தனை வருஷம் என் கூடப்பிறந்தவளோடு மழையும் வெயிலும் பேசியிருக்கிறேன், அத்தான். இப்போது சொல்லுங்கள். அந்தக் கடிதம் யார் பேச்சு?

தங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் விட்டுவிட்டது. இரண்டு நாளாக மழை. சாலையைத் தோண்டிப் போட்டதால் எங்கள் பஸ் சுற்றிப் போகிறது. எனக்குக் கொஞ்சம் இருமல், இஞ்சி போட்டுக் குடிக்கிறேன்.

கவுன்சலிங் நின்றுவிட்டது. அந்த ஆள் ஊருக்குப் போயிருக்கிறாராம். எப்போது வருவார் என்று தெரியாது.

வேறு விசேஷமில்லை.

உன் அத்தான்

கடைக்காரர் எழுதுவது: ஐயா, வணக்கம். இதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கவுன்சலிங்காரர் எந்த ஊருக்கும் போகவில்லை. 'அவளுக்குச் சரியாகிவிட்டது, இனி வரமாட்டாள்' என்று இவரே இந்த ஊர்ப் பேச்சில் அங்கே போன் செய்து சொல்லிவிட்டார். உங்கள் அக்காவிடம் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். முடி வெட்டும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார், எழுதாதே என்றார். உங்கள் கடைசிக் கேள்வியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மழையைப் பற்றி எழுதச் சொன்னார். வெட்டுவது என் தொழில், சேர்ப்பது என் வேலையில்லை. ஆனால் போன வியாழனும் அந்த அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து நின்றதைக் கடையிலிருந்து பார்த்தேன்.

*

ஏப்ரல் 21

அத்தானுக்கு,

இருமலுக்கு இஞ்சி நல்லதுதான்.

ஊருக்குப் போனவர் உண்மையில் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தைப் பற்றி இனிக் கடைக்கு எழுதுவதாக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் போடுவேன். எடுத்து அவளிடம் கொடுங்கள். பக்கத்தில் நிற்க வேண்டாம்.

தங்கள் மைத்துனன்

*

ஜூன் 10

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம்தானே? நான் சுகம் என்றுதான் எழுதச் சொல்கிறேன். இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம். உன்மேல், கடைக்காரர்மேல், அந்த ஆள்மேல், யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் வேறு கடையில் முடி வெட்டிக்கொண்டேன். காதுக்குமேல் பள்ளம் விழுந்துவிட்டது. அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

நீ போன் போட்டாய். நான் எடுத்து அவளிடம் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது என் வீட்டிலேயே ஒரு கதவு. சுவர் மெல்லிசு என்று எழுதினேன் அல்லவா? நான் டீவியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். அதை நீ நம்பமாட்டாய், ஆனால் வைத்தேன். நீ போனை வைத்த பிறகும் அவள் வெளியே வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், விரிப்பு கலைந்தே கிடந்தது.

அடுத்த வாரம் அந்தக் கவுன்சலிங் ஆளே, எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க வீட்டுக்கு போன் போட்டிருக்கிறான். நான் கடைக்குப் போயிருந்த நேரம், அவள் எடுத்திருக்கிறாள். வந்தேன். "அவர் இங்கதான் இருக்காராம், எங்கயும் போகலையாம்" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நானும் செருப்பைத் தேடினேன்.

"நீங்க இருங்க."

"உனக்கு பஸ் மாறத் தெரியுமா? யார்கிட்ட என்னன்னு கேட்ப?"

"தெரியலைன்னா தெரியலைன்னு நிப்பேன்."

போய்விட்டாள். நான் பால்கனியில் நின்றேன். பஸ் அந்தப் பக்கம் போனதும் உள்ளே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் விரிப்பை எடுத்து மடித்தேன். சரியாக வரவில்லை. அந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தாள். ஷூவெல்லாம் நனைந்திருந்தது. தப்பான இடத்தில் இறங்கி நடந்திருக்கிறாள்.

"வழி எப்படிக் கேட்டே?"

"கேட்டேன்."

"எந்தப் பாஷையில?"

"கையாலதான். ஒரு பொம்பள கூடவே நடந்து வந்து கொண்டுவிட்டுச்சு. வழியெல்லாம் பேசிச்சு. ஒண்ணும் புரியல. நானும் பேசினேன்."

இந்தக் கதையை மட்டும் என்னிடம் சொன்னாள். உள்ளே பேசினதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பொம்பளைமேலும் எனக்கு எரிகிறது, மச்சான், நான் என்ன செய்ய?

உன்னிடம் போனில் அவள் என்ன சொன்னாள்? அதையாவது எழுது.

உன் அத்தான்

*

ஜூன் 27

அன்பு அத்தானுக்கு,

வணக்கம். பள்ளம் விழுந்த காது இப்போது எப்படி இருக்கிறது? என் வீட்டுக்காரி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முழங்காலுக்குப் புது எண்ணெய் தடவுகிறேன். நாற்றம் தாங்காமல் அவள் கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறாள்.

போனில் அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள். எழுதமாட்டேன். நான் சொன்னதை வேண்டுமானால் எழுதுகிறேன். 'அந்தக் கடிதத்தை நீ எழுதியதாக நினைத்து உன்னை ஒதுக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்' என்றேன். அவள் பிறகு பேசினாள். பால்காரரை நிறுத்தி வைத்த அதே வேகம்.

ஒரு மாதம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டிருக்கிறேன். "கேட்டுச் சொல்றேன்" என்றாள். யாரை என்று கேட்டேன். "என்னையேதான்" என்றாள்.

என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. அதை எனக்கு எழுத வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பதிலைக் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை, அவள் அங்கே உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

தங்கள் மைத்துனன்

*

ஜூலை 18

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம்தானே? கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொல், எண்ணெயை விடு.

போன வியாழன் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னது உன் அக்கா. சவரம் செய்துகொண்டு போனேன். அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாற்காலி, எனக்காக இழுத்துப் போட்ட ஒன்று, ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் கூஜா. இவ்வளவு சாதாரண அறையையா இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. வெளியே அந்தப் பொய் மழை. இந்தத் தடவை அது எனக்கும் சேர்த்துப் பெய்தது.

கவுன்சலிங்காரர் ஒரு விதி சொன்னார். "ஒருத்தர் பேசி முடிச்சதும் மத்தவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான்." எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ரிக்கார்டிடம் போய் இதைச் சொல்கிறானே என்று.

உன் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா படுத்திருந்தப்ப, லீவு கிடைக்காதுன்னு எழுதச் சொன்னீங்க. நான் லீவு கேக்கவே இல்ல. கேட்டுப் பாருன்னு நீங்களும் சொல்லல. எழுதும்போது எனக்குக் கை நடுங்குச்சு. நீங்க பார்த்தீங்க. பேனா சரியில்லையான்னு கேட்டு, பையில இருந்து வேற பேனா எடுத்துக் கொடுத்தீங்க. அதுலதான் மீதிய எழுதினேன்."

"இப்ப நீங்க சொல்லுங்க ஐயா" என்றார்.

ஆரம்பித்தேன். லீவு வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். கை நடுங்கியது வரைக்கும் வந்தேன். அதற்குமேல் வரவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பேனா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சை மூடி, கிடங்கில் கொடுத்தது. அவள் கை நடுங்கியதும் நினைவிருக்கிறது. இரண்டும் இத்தனை வருஷமாக என்னிடம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. நான்தான் ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவள் காத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை. கவுன்சலிங்காரரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு மீதியைச் சொன்னேன். பேனா எடுத்துக் கொடுத்ததை நானே என் வாயால் சொன்னேன்.

அதற்கப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, "செப்டம்பர்ல தம்பி வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம். தனியா போறேன், நீங்க வர வேணாம்" என்றாள்.

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. விதி விதிதானே.

"செப்டம்பர்ல தம்பி வீட்டுக்குப் போறே. ஒரு மாசம். தனியா போறே, நான் வர வேணாம்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

வியாழக்கிழமைகளில் அவள் தொடர்ந்து போகிறாள், தனியாகவே. நான் வீட்டில் இருக்கிறேன். அந்த ஆள்மேல் இருந்த பொறாமை கொஞ்சம் இறங்கிவிட்டது. இறங்கினது எங்கும் போய்விடவில்லை, அப்படியே உன் பக்கம் ஏறியிருக்கிறது. ஒரு மாதம் முழுக்க உன் கடை வாசலில் உட்கார்ந்து அவள் பேசப் போகிறாள். நீ காயில் கட்டிக்கொண்டே கேட்கப் போகிறாய். வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். அவளுக்கு விமானத்தில் காது அடைக்கும். பஞ்சு கொடுத்தனுப்புகிறேன். கூட்டிப்போக விமான நிலையத்துக்கு நீயே வா, ஆளை அனுப்பாதே.

அவள் பேசுவதில் என்னைப் பற்றி ஏதாவது வந்தால் ஒரு வரி எழுது.

மேலே சொன்ன வரியை அடித்துவிடச் சொன்னேன். கடைக்காரர் அடிக்கமாட்டேன் என்கிறார். சரி, கிடக்கட்டும். ஆனால் நீ எழுதாதே, மச்சான். எழுதினால் நான் இவரை வாசிக்கச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

உன் அத்தான்